கதவும் தாழ்ப்பாளும்

காலை நாலே முக்கால். இருட்டு இன்னும் பிரியவில்லை. பெரிய சாலையிலிருந்து கிடங்குக்குத் திரும்பும் கிளைச்சாலை, முக்கால் கிலோமீட்டர் நீளம். கம்பெனி வேன் முனையோடு சரி. அதற்கு மேல் நடைதான். இரண்டு பக்கமும் மதில். ஒரு நாய்கூடக் கிடையாது.

நடந்தது எனக்கில்லை. இதோ, போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என் அறைத் தோழி, இவளுடைய பெரியப்பா மகளுக்கு. அக்கா என்றே சொல்கிறேன். விடுதியில் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. நாங்கள் நாலு பேரும் ஒரே கட்டிலில்.

"பேய்க் கதைன்னா நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாள் ஜன்னலோரக்காரி.

"தனியாவா போவ?" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது. மனிதர்கள் மேல் சந்தேகம் உண்டு. இந்தக் கதையில் அதுதான் தொந்தரவு... யாரைச் சந்தேகப்பட்டாலும் சரியாகவே வருகிறது.

அக்கா கிடங்கில் காலை ஷிஃப்ட் பொறுப்பாளர். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முதல் ஆளாகப் போய் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, ஒரு சுற்று வந்து 'தரை சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குப் பதினாலாம் அடுக்குக்கும் பதினைந்தாம் அடுக்குக்கும் நடுவே நின்றுவிட்டாள்.

கண்ணாடி மாதிரி மெழுகிய தரை. அதில் ஒரு கீறல். மூன்று எட்டு நீளம். ஆணியால் கீறியது இல்லை. குதிகாலை அழுத்தி இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்தில் ஒரு வாசனை. வலித் தைலமும் ஈர மண்ணும். மழை பெய்து மாதம் இரண்டு ஆகியிருந்தது.

தரை தேய்க்கிறவர்கள் வந்து இழைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, அதே இடம், அதே கீறல்.

அக்கா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைச் சந்தேகப்பட்டாள். அவன் இரவுக் காவலாளியைச் சந்தேகப்பட்டான். காவலாளி யாரையும் சந்தேகப்படவில்லை. வேலையை விட்டுவிட்டான். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பத்துக்குத் தரை சுத்தம். மூன்று பதினொன்றுக்குக் கீறல் இருக்கிறது. ஆள் இல்லை. நடுவில் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று அக்கா நினைத்தாள். மேலாளரோ அவள் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

"ஒரு வாரம் டைம்மா. யாருன்னு கண்டுபிடிச்சு எழுதிக் குடு. இல்லேன்னா உன் பேரை எழுதி அனுப்பிடுவேன். தரை சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீதான?"

வேலை போனால் வீடு போய்விடும். அப்பாவுக்கு மருந்து, வாடகை எல்லாம் அவள் தலையில். மறுநாள் மூன்று மணிக்கே போய், விளக்குப் போடாமல், பதினாறாம் அடுக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள்.

முதலில் தைல வாசனை. அப்புறம்... டங். அடுக்கின் இரும்புத் தூணை யாரோ உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். அப்புறம் நடை. தப்... சர்ர். தப்... சர்ர். ஒரு கால் ஊன்றுகிறது, ஒரு கால் இழுபடுகிறது. அக்கா எண்ணினாள். எட்டுத் தப்படி. எதிர்த் தூணில் டங். திரும்பி நாலு எட்டு, நடுவுக்கு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தரையில் நீளமாக... சர்ர்ர்ர்.

அவள் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதுதான் சரி. அந்தச் சத்தங்களை அவளுக்கு முன்பே தெரியும். ஆறு வயதில் மதில் மேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஒரு கம்பத்தைத் தட்டி, மறு கம்பத்தைத் தட்டி, நடுவில் நின்று குதிகாலால் முன்னோக்கி ஒரு கோடு. கோலின் நடு எது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிய கோல்கீப்பர் போட்டுக்கொள்ளும் கோடு.

அந்தக் கிடங்கு இருக்கிற இடம் முன்பு மைதானம். பட்டறைத் தொழிலாளர்களின் கால்பந்துக் கழகத்துடையது. குப்பைக் குழியாகக் கிடந்ததை, வேலை முடிந்து வந்து, அவர்களே மண் கொட்டி நிரப்பினார்கள். அறுபத்தோரு வருஷம் அங்கே ஆடினார்கள். ஒரு பக்கம் பலகை வரிசை, மறுபக்கம் மதில். மதில் மேல் உட்காருகிறவர்கள் வாய்தான் பெரியது. எப்போதும் வலித் தைலம் மணக்கிற கோல்கீப்பருக்குக் 'கதவு' என்று பட்டம் வைத்தது அவர்கள்தான். அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரருக்கு 'தாழ்ப்பாள்'. "கதவு சாத்தியிருக்கு, தாழ்ப்பாளும் போட்டிருக்கு, வீட்டுக்குப் போங்கடா" என்று எதிர் அணியைப் பார்த்துக் கத்துவார்களாம்.

தாழ்ப்பாள், அக்காவின் அப்பா.

ஆட்டத்தை விட்ட பிறகு அப்பா கழகத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். குழுவில் ஏழு பேர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, மைதான வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இடம் கைமாறிவிட்டது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதைவிடப் பெரிய மைதானம் வரும் என்று. அந்தப் பக்கம் வந்தது ஒரு பலகை மட்டும். கழகம் கடன் மைதானங்களில் இரண்டு வருஷம் ஆடிவிட்டுக் கலைந்தது. ஏழு பேருக்கும் வாய் இருந்தது. ஒருத்தர்கூடத் திறக்கவில்லை.

கதவு மட்டும் போய்க் கோலுக்குள் உட்கார்ந்தார். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் விடிவதற்கு முன் மண் தள்ளும் வண்டிகள் வந்தன. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்று குழு சொன்னது. எல்லாரும் சரி என்றார்கள்.

"அவருக்கு அக்காவே கிடையாது" என்றாள் என் தோழி போர்வைக்குள்ளிருந்து. அவள் பேசியது அவ்வளவுதான்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் அக்கா கீறலைப் போனில் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வண்டி வந்த அன்னிக்கு நீங்க மைதானத்துல இருந்தீங்களா?"

"எனக்குக் காய்ச்சல். போர்த்திட்டுப் படுத்திருந்தேன். உங்கம்மாவக் கேளு."

அம்மா செத்து ஆறு வருஷம். நல்ல சாட்சி.

அக்கா போனை நீட்டினாள். "இது என்னன்னு பாருங்க."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கினார். முகத்தில் ஏதோ ஒரு பழைய மும்முரம் வந்ததாம். பயம் இல்லை. வேலை தெரிந்த ஆளின் மும்முரம்.

"கதவோட கோடுதான். ஆனா இது இடது குதிகால். சாய்வப் பாரு. அவன் எப்பவும் வலதுலதான் கீறுவான். ஒன்பது வருஷம் அவன் முன்னாடி நின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா..." என்றவர், தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். "வலதுல எப்படிக் கீறுவான். அதுதான் முட்டிக்குக் கீழ நசுங்கி..."

நிறுத்தினார்.

டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"காய்ச்சல்ல படுத்திருந்தவருக்கு இது எப்படிப்பா தெரியும்?"

ரிமோட்டைத் தேடினார். சத்தத்தைக் கூட்டினார். அக்கா ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள். அப்புறம் ஒன்று சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"குழுவுல இருந்தவங்க வீட்டுக்கு ஒரு வேலைன்னு பேச்சு. உன் படிப்புக்காகவா கம்பெனிக்காரன் கூப்பிட்டு வேலை குடுத்தான்னு நினைச்சே?"

தெருவிளக்கில் படித்து வாங்கிய பட்டம். அதை வைத்து அவள் ஐந்து வருஷம் கையெழுத்துப் போட்டது, அந்த மனிதர் மேல் ஊற்றிய தரைக்கு.

ஒரு வாரக் கெடு முடிந்தது. 'யார்' என்று கேட்டிருந்த இடத்தில் 'கோல்கீப்பர்' என்று எழுதி நீட்டினாள். வேலை அன்றே போனது. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "கீறல் விழுந்ததுக்குத் தரையத் தோண்டணுமா? காணாமப் போனவருக்கு நீ என்ன வேணும்?" என்று கேட்டார்கள். பார்த்த ஆள் வந்து சொன்னால் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள்.

பார்த்த ஆள் கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அவள் வேலை போன நாளிலிருந்து கிடங்குத் தரையில் ஒன்றுமே விழவில்லை. மேலாளருக்கு ரொம்பத் திருப்தியாம். அவளேதான் செய்திருக்கிறாள் என்று முடித்துவிட்டார்.

நான்காம் நாள் காலை அக்கா வீட்டு வாசற்படியை ஒட்டி, கூடத்துச் சிமெண்ட் தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். மறுநாள் இரண்டு சாண். அப்பாவின் கட்டிலைப் பார்த்து, நூல் பிடித்த மாதிரி நேராக.

"சொல்லிடுங்கப்பா. வாங்க, நான் கூட வரேன்" என்று தினமும் காலையில் கேட்கிறாள். தினமும் அவர், "முதல்ல அதத் துடை" என்கிறார்.

துடைத்தால் போகிற கோடு இல்லை அது. போனாலும் அவள் துடைக்கிறவள் இல்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். நானும் என் தோழியும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். கோடு கட்டில் காலுக்கு ஒரு சாண் இருக்கும்போது, முந்தாநாள் ராத்திரி, அப்பா தனியாகவே கட்டிலை இழுத்து எதிர்ச் சுவரோரம் போட்டுக்கொண்டாராம். மூட்டுவலிக்காரர். எப்படி இழுத்தாரோ தெரியவில்லை.

காலையில் அக்கா விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

கோடும் கட்டில் பக்கம் திரும்பியிருந்தது.