கழற்றாத ஹெல்மெட்

எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, இன்னும் வழுக்கை விழவில்லை. முடி வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லி ஆச்சரியப்படுவார். காற்றுதான் காரணம் என்பேன். முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். எங்கள் மாநிலத்துக்குள் ஒருநாள்கூட ஹெல்மெட் போட்டதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்கு அது கட்டாயமில்லை. நீங்கள் இங்கேயே பிறந்தவர் மேடம், உங்களுக்குத் தெரியும். பதிவாகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

பெயர் லூசியன் பெல்லெட்டியர். வண்டிகளுக்கு சீட் தைப்பது தொழில். வீட்டுக்குப் பின்னால் ஷெட், அதில் இரண்டு தையல் மெஷின். என் மனைவி போய்ப் பதினோரு வருடமாகிறது. திங்கள் முதல் சனிவரை நான் பேசும் வார்த்தைகளை எண்ணினால் ஒரு பக்கம் தேறாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரம்.

ஞாயிறுதோறும் ஐந்து பேர் கிளம்புவோம். எல்லை தாண்டி மாசசூசெட்ஸ் கடற்கரைக்குப் போய்ப் பொரித்த மட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அங்கே சட்டம் இருப்பதால் ஹெல்மெட் போட்டாக வேண்டும். திரும்பும்போது எல்லையைத் தாண்டியதும் ஒரு மதுக்கடை வரும். அதன் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்சீட்டில் கட்டுவோம். யாரும் வைத்த விதி இல்லை அது. ஆர்மண்ட் தன் வழுக்கைத் தலையைத் தடவி, "மூச்சு விட்டுக்கடா கண்ணு, வீட்டுக்கு வந்துட்டோம்" என்பான். இருபத்திரண்டு வருடம் அதே நகைச்சுவை. இருபத்திரண்டு வருடமும் சிரித்தேன்.

ஆர்மண்ட் கன்யோன்தான் அந்தக் கூட்டத்தை என்னோடு சேர்ந்து தொடங்கியவன். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று யாராவது மசோதா கொண்டுவந்தால் மாநிலத் தலைநகருக்குப் போவோம். சட்டக் குழுவின் முன்னால் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் சில நிமிடம் பேசலாம். நான் எழுதுவேன், அவன் பேசுவான், குரல் அவனுக்குத்தான் இருந்தது. "என் தலை, என் முடிவு" என்று முடிப்பான். அந்த வரி என்னுடையது.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவன் கிளாடெட்டைக் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண். தலையில் அடிபட்டவர்களுக்கு மறுபடி ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. மே மாதம் ஒரு ஞாயிறு, மதுக்கடையருகே நாங்கள் நால்வரும் கழற்றினோம். ஆர்மண்ட் கழற்றவில்லை.

"என்னடா, கொக்கி மாட்டிக்கிச்சா?" என்றேன்.

"இல்லப்பா. இப்படியே வரேன்."

"புதுப் பொண்டாட்டி பூட்டுப் போட்டு சாவிய எடுத்துக்கிட்டாளோ?" என்றான் டெல்பர்ட். அவன் எங்களில் வாயாடி.

எல்லோரும் சிரித்தார்கள், ஆர்மண்டும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "என் தலை, என் முடிவு. நீ எழுதிக் குடுத்ததுதானேடா" என்றான்.

அது எனக்கு வலித்தது. மறைக்க வேண்டியதில்லை.

ஜூலைக்குள் நான்கு பேரும் போட்டுக்கொண்டார்கள். டெல்பர்ட்கூட. ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வைத்துக்கொண்டார்கள், வண்டி ஓட்டிக்கொண்டே ஒருவரோடொருவர் பேசலாம். ஒருநாள் சிக்னலில் நிற்கிறோம். நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன், எனக்குக் கேட்டது எஞ்சின் சத்தம் மட்டும். என்ன விஷயம் என்று சைகையில் கேட்டேன். ஆர்மண்ட் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கி, "ஒண்ணுமில்லப்பா, அப்புறம் சொல்றேன்" என்றான். அப்புறம் சொல்லும்போது அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மதுக்கடைப் பக்கம் அவர்கள் நிற்பதில்லை. நான் மட்டும் பழக்கத்தில் நிற்பேன். ஆளில்லாத இடத்தில் ஒருவன் தனியாக ஹெல்மெட்டைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம் அசடாகத்தான் இருக்கும். அவர்களை எட்டிப் பிடிக்க ஆறேழு மைல் ஆகும்.

என்னைக் கூப்பிடவில்லை என்று சொல்ல மாட்டேன். "நீயும் ஒண்ணு மாட்டிக்கடா, பேசிக்கிட்டே போலாம்" என்றான் ஆர்மண்ட். "நீ கழட்டு, பேசலாம்" என்றேன். "பிடிவாதம் புடிச்ச கழுதை" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் கடைசியில் அவனே ஷெட்டுக்கு வந்தான். "ஸ்பீக்கர் காதுல அழுத்துதுடா. உள்துணியப் பிரிச்சுக் கொஞ்சம் பாத்துக் குடு" என்று ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தான். நான் கேட்கவில்லை. அவனாகக் கொண்டுவந்து வைத்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வெளியே இருக்கும் ஓடு காப்பாற்றுவதில்லை. தலையில் படும் மெத்தென்ற துணியும் காப்பாற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் தெர்மோகோல் மாதிரி கெட்டியாக ஒன்று இருக்கிறதே, அதுதான் நொறுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. கல் மாதிரி இருப்பதால் அதுதான் காதிலும் அழுத்தும். நான் துணியைப் பிரித்தேன். அதை முழுக்க எடுத்துவிட்டு, சோபாவுக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்சை அதே வடிவத்தில் வெட்டி ஒட்டினேன். எடை வித்தியாசம் தெரியாமலிருக்க ஓரத்தில் கொஞ்சம் ரப்பர் வைத்தேன். பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தேன். வேலையில் குறை வைத்துப் பழக்கமில்லை எனக்கு.

போட்டுப் பார்த்தவன், "தலகாணி மாதிரி இருக்குடா. கை வச்சா நீதான்" என்றான். சந்தோஷமாக இருந்தது.

ஏன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். எங்காவது மணலில் சறுக்கிச் சின்னதாக ஒருமுறை விழுவான், மண்டையில் ஒரு வீக்கம் வரும், இந்தச் சனியனைப் போட்டும் அடிபட்டதே என்று தூக்கி எறிவான் என்று நினைத்தேன். பிறகு மற்றவர்களும் எறிவார்கள். மறுபடி ஐந்து பேரும் மதுக்கடையருகே நிற்போம்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு. ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் செய்தாய் என்று கேட்பான், அப்புறம் என் ஷெட் பக்கமே வரமாட்டான். அதனால் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த ஏழு வாரம் எனக்குத் தனிமையே தெரியவில்லை. அவர்கள் நாலு பேருக்கும் ஒரு பேச்சு இருந்தது. எனக்கும் ஆர்மண்டுக்கும் நடுவில் மட்டும் வேறொன்று இருந்தது.

அக்டோபரில், பரங்கிக்காய் விற்கும் ஒரு கடையிலிருந்து ஒரு கார் பின்பக்கமாகச் சாலைக்கு வந்தது. ஆர்மண்ட் முப்பது மைல் வேகத்தில்கூடப் போகவில்லை. தூக்கி எறியப்படவில்லை, வண்டியோடு சாய்ந்தான், அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து கெட்ட வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தேன். நான்தான் முதலில் அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான் இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு டெல்பர்ட்டிடம் கேட்டேன், விழுவதற்கு முன்னால் அவன் என்ன பேசிக்கொண்டிருந்தான் என்று. அவர்கள் காதில்தானே கேட்டிருக்கும்.

"மெதுவாப் போங்கப்பா, லூசியன் பின்னாடி தனியா வரான்னு சொன்னான்" என்றான். "சொல்லிட்டு நீ வரியான்னு திரும்பிப் பாத்தான். அவ்ளோதான்."

அதை நான் தினமும் நினைக்கிறேன். மூன்று மாதம் ஷெட்டைத் திறக்கவில்லை.

ஜனவரியில் மறுபடி மசோதா வந்தது. பேச ஆர்மண்ட் இல்லாததால் நானே போனேன். எழுதிக்கொண்டு போகவில்லை. "என் நண்பன் மெதுவாகத்தான் போனான். நல்ல ஹெல்மெட், ஒழுங்காகக் கொக்கி போட்டிருந்தான். செத்துப்போனான். அதைக் கட்டாயமாக்கச் சொல்கிறீர்கள்" என்றேன். மசோதா தோற்றது. வெளியே முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரலில் முதல் ஞாயிறு, டெல்பர்ட்டும் மற்ற இருவரும் மதுக்கடையருகே நின்றார்கள். ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். போட்டு என்ன பயன் என்றார்கள். தலையைத் தடவ யாரும் இல்லை, ஆனாலும் நான்கு பேர் நின்றோம்.

அந்தக் குழு அறையில் கடைசி வரிசையில் கிளாடெட் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. மெதுவாகப் போனான், நல்ல ஹெல்மெட் என்று நான் சொன்னது அவளுக்கு இடித்திருக்கிறது. அப்படி விழுந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்களாம், அவளிடம் ஸ்பூன் பிடிக்க வருவதே இல்லையாம். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில், அடிபட்ட ஹெல்மெட்டை இரண்டாக அறுத்து மாணவர்களுக்குக் காட்டுவார்கள். ஆர்மண்டுடையதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அறுத்தவர் உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்சைப் பார்த்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆமாம், அந்தத் தையல் என்னுடையது. ஸ்பாஞ்சும் என்னுடையது. தெர்மோகோலை நான்தான் எடுத்தேன், தெரிந்தேதான் எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றச் சொல்லி நான் அவனை ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை. கடைசிவரை முடிவு அவனுடையதாகத்தான் இருந்தது. அவன் தலை விஷயத்தில் நான் தலையிட்டதே இல்லை.