பிள்ளைக்காம்பராவின் மாவுருண்டை

ஓவேலியில் ஜூலை மாதம் துணி காயாது, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் பெல்ட்டின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது பூஞ்சை. வெட்கப்பட வேண்டாம், என்னுடையதிலும் உண்டு. துளி சுரண்டி மைக்ராஸ்கோப்பில் காட்டினால் நீங்களும் சொக்கிப்போவீர்கள். நான் அப்படிச் சொக்கிப்போனவன்.

இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு 1967இல் வந்தேன். பன்னிரண்டு வருடமாக 'லேப் வேலாமணி' என்றால் எல்லோருக்கும் தெரியும். தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடுவது பூஞ்சை. வயிற்றைக் கலக்குவது அமீபா. ஒற்றைச் செல், காலை நீட்டி நீட்டி நகரும் சோம்பேறி. வைரஸ் என் மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காது, அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். பாக்டீரியாதான் என் செல்லம். அதிலும் டைபாய்டு பாக்டீரியா இருக்கிறதே, சின்னஞ்சிறு குச்சி, ஒரு சொட்டு நீருக்குள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல ஓடும். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மார்ச் மாதம் டாக்டர் மோசஸ் கூப்பிட்டார்.

"வேலாமணி, மாசத்துக்கு நாலு டெஸ்ட்கூட வர்றதில்ல. இப்படியே போனா லேபை மூடிட்டு மைக்ராஸ்கோப்பைக் கூடலூருக்கு அனுப்பச் சொல்றாங்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் நான். அந்த வட்ட வெளிச்சம்தான் எனக்கு எல்லாம்.

ஏப்ரலில் வருடாந்தரச் சோதனைக்கு மருதாம்பாள் வந்தார். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வறுத்த சத்துமாவில் வெல்லப்பாகு ஊற்றி, ஆறவைத்து, வெறுங்கையால் பிசைந்து உருண்டை பிடித்து ஊட்டுவார். அடம்பிடிக்கிற பிள்ளையும் அதற்கு வாய் திறக்கும்.

அவருடைய மலத்தைத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன்; என் டைபாய்டுச் செல்லங்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன. எப்போதோ வந்துபோன காய்ச்சலின் மிச்சம். ஆள் என்னவோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். நோய் இல்லாமலே கிருமியைச் சுமக்கிற இப்படிப்பட்டவர்களைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். ஆனந்தத்தில் லேபுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். பிறகு உட்கார்ந்து, ரிப்போர்ட்டில் 'கிருமி இல்லை' என்று எழுதினேன்.

ஜூனில் காய்ச்சல் தொடங்கியது. எல்லோரும் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். தொட்டியை மூன்று முறை கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நானும் கூடவே நின்றேன். "ஏனுங்க, தண்ணியக் காச்சிக் குடிங்க" என்று தொழிலாளர் லைன் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். தினமும் பதினைந்து சாம்பிள் வந்தது. உட்கார நேரமில்லை, சாப்பிட நேரமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"நீ இல்லைன்னா இந்த எஸ்டேட் என்னாகியிருக்கும்யா" என்று டாக்டர் தோளில் தட்டினார்.

கொழுந்து பறிக்கிற மூக்கம்மாவின் சின்ன மகள் இறந்த அன்று மருதாம்பாள் லேப் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தூக்குவாளி.

"ஐயா, என் கை ராசியில்லாத கையா? நான் ஊட்டுற புள்ளைகளுக்கே இப்பிடி வருதே."

என் கண் கலங்கியது, பொய்யில்லை. "உங்க கை மாதிரி வருமாங்க? நிறுத்தாம ஊட்டுங்க, புள்ளைக தெம்பாகட்டும்" என்றேன். தூக்குவாளியைத் திறந்து எனக்கும் ஓர் உருண்டை நீட்டினார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

டாக்டருக்கு எப்படியோ பொறி தட்டி, என்னிடம் சொல்லாமல் மருதாம்பாளின் சாம்பிளைக் கோயமுத்தூருக்கு அனுப்பியிருக்கிறார். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் குழந்தை போனதுமே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். அன்றே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். புது ரிப்போர்ட் காகிதத்தில் தேதிகூடப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஜீப்பில் என் லேபுக்கென்றே புது மைக்ராஸ்கோப் வந்து இறங்கியது, இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை. அதன்பிறகு எப்படிச் சொல்வது, நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் போனதும் இரண்டே குழந்தைகள்தான்.