பாலத்துக்கு ஒரு மிஸ் கோல்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. என் கூட்டாளி ஸப்ரி சொன்னது. அவனுடைய மச்சான் புஹாரிக்கு நடந்தது. சொல்லும்போது ஸப்ரி சில இடங்களில் நெடுநேரம் பேசாமல் இருந்தான். அந்த மௌனங்களில் நானாக எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாம். ஆனால் ஒலிப்பதிவில் இருந்தது பற்றிய பகுதி... அது அவன் சொன்னபடியேதான். வாசல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

மஃரிப் தொழுகைக்குச் சற்று முந்திய, பொழுது சாய்கிற நேரம். மாத்தளையிலிருந்து உக்குவளைக்குப் போகும்போது, பெரிய வீதியை விட்டுக் கீழே இறங்குகிற ஒரு தோட்டப் பாதை. இரண்டு பக்கமும் கொக்கோ மரங்கள். பகலிலேயே அங்கே வெளிச்சம் குறைவு. ஆள் நடமாட்டம் இல்லை. பாதை முடிகிற இடத்தில் ஓர் ஓடை, ஓடைக்கு மேலே சின்ன ரயில் பாலம்.

அங்கேதான் ஸுஹைல் தன்னுடைய வான் வண்டியை நிறுத்தினான்.

வானில் நாலு பேர். ஸுஹைல், புஹாரி, வினோஜன், வினோஜனின் மனைவி விஜிதா. ஆண்கள் மூவருக்கும் ரயில் பைத்தியம். பழைய கரி எஞ்சின் எப்போதாவது ஓடினால் போதும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதன் பின்னாலேயே போவார்கள். அன்று வெளிநாட்டுப் பயணிகள் வாடகைக்கு எடுத்த கரி எஞ்சின் ரயில் காலையில் கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்திருந்தது. வரும் வழியெல்லாம் வானில் முந்திப் போய், இறங்கி, படம் பிடித்து, மறுபடி ஏறி ஓடி... எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். இனி அது திரும்பிப் போகும் பயணம் மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு படம்.

வினோஜனுக்கு அந்தப் படம் பாலத்தின் மேல் வேண்டும். தண்டவாளத்தோடு ஒட்டிக் கமராவைத் தாழ வைத்து, வளைவிலிருந்து எஞ்சின் புகையோடு வெளிப்படுவதை எடுக்க வேண்டும். வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் கடைசிவரை கமராவுக்குப் பக்கத்தில் இருந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். பிறகு ஓடிவந்து பாலத்தை விட்டு இறங்கிவிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மேலே மலையில் மழை. ஓடை இரைந்துகொண்டிருந்தது. பாலத்தில் நிற்பவனுக்கு வேறு எதுவும் கேட்காது. வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவும் தெரியாது.

அதற்கு இவர்களிடம் ஒரு முறை இருந்தது. புஹாரி படம் பிடிப்பவன் அல்ல. அவனுக்குச் சத்தம்தான் வேண்டும். எஞ்சின் மூச்சு விடுவது, சக்கரம் தண்டவாளத்தில் உரசுவது... எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருப்பான். கூட்டாளிகளின் பேச்சும் கமராவின் கிளிக்கும் பதிவில் விழக்கூடாது என்பதற்காக, எப்போதும் ரயில் வருகிற பக்கமாகத் தனியே முன்னால் போய்விடுவான். ரயில் முதலில் அவனைத்தான் கடக்கும். கடந்தவுடன் வினோஜனின் ஃபோனுக்கு ஒரு மிஸ் கோல். சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தால் வினோஜன் இறங்கிவிடுவான். அத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அது தவறியதில்லை.

புஹாரி கிளம்பும்போது விஜிதா வானின் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணா, நீங்க ரிங் குடுத்தாத்தான் இந்த மனுசன் பாலத்த விட்டு எறங்குவாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

புஹாரி தலையாட்டிவிட்டுப் போனான்.

வளைவுக்கு அப்பால் மலையை வெட்டி ரயில் பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மண் சுவர். பாசி. வேர்கள். உள்ளே போனதும் ஓடையின் இரைச்சல் வெட்டி எடுத்தது போல நின்றுவிட்டது. சில்வண்டுச் சத்தம் மட்டும். சுவரோடு ஒட்டி ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினான். ஹெட்போனை மாட்டினான். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரம்தான். ரயில் வந்தது.

முதலில் தண்டவாளத்தின் சன்னமான முனகல். பிறகு எஞ்சின்... ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற அந்தக் கனத்த சத்தம். கிட்ட வந்தது. காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. காதை நிறைத்துக்கொண்டு கடந்து போனது. பெட்டிகளின் தடதடப்பு ஒவ்வொன்றாக... கடைசிப் பெட்டி... போய்விட்டது.

உடனே ஹெட்போனைக் கழற்றினான். ஃபோனைக் கருவிக்குக் கிட்ட வைத்து அழைத்தால் பதிவில் இரைச்சல் விழும். அதனால் கொஞ்சம் எட்டிப் போய் மிஸ் கோல் கொடுத்தான்.

சில நிமிடத்தில் வினோஜனே திருப்பி அழைத்தான். சிரிப்பு அடங்கவில்லை.

"என்னா ஸ்டேசன் மாஸ்டரையா, கனவு கண்டீங்களா? நான் விழுந்தடிச்சு எறங்கி, முட்டியெல்லாம் செராஞ்சு போச்சு. ரயிலக் காணோமே."

பின்னால் ஸுஹைலின் குரல் கேட்டது. "காதக் கழுவச் சொல்லுடா அவன."

புஹாரி தண்டவாளத்தைப் பார்த்தான். அதன் மேல் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அது விட்டு வந்த ஈரக்கோடு முழுதாக இருந்தது. எதுவும் அதன் மேல் போயிருக்கவில்லை.

ஃபோனை வைத்தான். பழைய பதிவு ஏதாவது கருவியில் தானாக ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இனிக் கருவியை நம்பக்கூடாது. ஹெட்போனைக் கழுத்தில் போட்டான். காது வெறுங்காது. கண் திறந்த கண். அப்படியே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் வினோஜன் வெளிச்சத்தைச் சரிபார்க்க மறுபடி பாலத்துக்கு ஏறியிருப்பான் என்பது அவனுக்குத் தெரியும்.

நேரம் போனது... சில்வண்டுகள் நின்றன.

ஒரே நேரத்தில் எல்லாம் நின்றன.

பிறகு கரி மணம். சுடுகிற எண்ணெய் மணம். முகத்தில் சூடாக ஒரு காற்று. சுவரில் இருந்த பெரணி இலைகள் எல்லாம் பாலத்தின் பக்கமாகச் சாய்ந்தன. சாய்ந்தபடியே நின்றன. கண்ணுக்குள் ஏதோ துகள் விழுந்து உறுத்தியது. சத்தம்... இல்லை. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தண்டவாளத்தில் எதுவும் இல்லை. இரண்டு கோடுகளும் வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தன.

பெருவிரல் வினோஜனின் பெயர் மேல் இருந்தது. புஹாரி அதை அழுத்தவில்லை. வினோஜனின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாதபோது எதைச் சொல்லி அழைப்பது என்று நினைத்தான். அவ்வளவுதான். அழுத்தவில்லை.

இலைகள் நிமிர்ந்தன. சில்வண்டுகள் மறுபடி தொடங்கின.

அப்போதுதான் பாலத்தின் பக்கத்திலிருந்து எஞ்சின் கூவியது. விடாமல், நீளமாக.

ஓடினான். வளைவு திரும்பியதும் ரயில் நின்றுகொண்டிருந்தது. முழு ரயில். கடைசிப் பெட்டி அவனுக்குக் கிட்ட, எஞ்சின் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவன் நின்ற இடத்தைக் கடக்காமல் அது அங்கே வந்திருக்க வழியில்லை. ஜன்னல்களில் வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாலத்துக்குக் கீழே ஸுஹைல் இடுப்பளவு தண்ணீரில் நின்று எதையோ தூக்க முயன்றுகொண்டிருந்தான். விஜிதா கரையில் நின்றாள். அவள் ஓடையைப் பார்க்கவில்லை. வருகிற புஹாரியைத்தான் பார்த்தாள். அவனுடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கரித்தூள் அப்பியிருந்தது.

பொலிசில் அவன் உண்மையைத்தான் சொன்னான். கண் திறந்திருந்தது, காதும் திறந்திருந்தது, ரயில் வரவில்லை என்று. எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வினோஜன் இறந்து நாற்பதாம் நாள் கழிந்த பிறகுதான் புஹாரி பதிவைக் கேட்டான். தனியாக இல்லை. ஸப்ரியைக் கூட வைத்துக்கொண்டான்.

இரண்டாவது... உண்மையான ரயில் போன நேரத்தில், ஒன்றுமில்லை. அவனுடைய மூச்சு மட்டும்.

முதலாவது, தெளிவாக இருந்தது. தண்டவாளத்தின் முனகல். எஞ்சின். பெட்டிகள். பிறகு, அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் போன பிறகு, கருவி மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த இடத்தில்... நீளமாக எஞ்சின் கூவல். பிரேக் பிடிக்கிற கிறீச்சல். ஸுஹைலின் குரல்: "வினோ, பாஞ்சிரு!" தண்ணீரில் எதுவோ விழுகிற சத்தம்.

அந்த நேரத்தில் வினோஜன் உயிரோடு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தான்.

புஹாரி அதோடு நிறுத்திவிட்டான். மேலே கேட்க அவனால் முடியவில்லை. அப்படி ஒரு பதிவு இருப்பது எப்படியோ விஜிதாவின் காதுக்கு எட்டியது. அதைத் தரும்படி வந்து கேட்டாள். அவன் கருவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, கடைசிவரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றினாள். பிறகு, தண்ணீர்ச் சத்தத்துக்குப் பிறகும் அதில் ஒரு குரல் இருக்கிறது என்று சொன்னாள். தூரத்தில் இல்லை. கருவிக்குப் பக்கத்தில் ஆள் வந்து நின்று, மெதுவாகப் பேசுகிற மாதிரி.

"ஏன்டா புஹாரி... ரெண்டாந்தரம் ஏன் ரிங் குடுக்கல?"

ஸுஹைல் வானை விற்றுவிட்டு இப்போது நாலந்தாவில் மிளகு வாங்கி விற்கிறான். ரயில் பார்க்கப் போவதில்லை. விஜிதா இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில், தாய் வீட்டில் இருக்கிறாள். பதிவை அவளே வைத்திருக்கிறாள். புஹாரி தம்புள்ளையில், மரக்கறி மொத்த விற்பனை நிலையத்தில் வேலை செய்கிறான். லொறிகள் விடிய விடிய ஏற்றி இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறான். சத்தம் இருந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். வினோஜனை மாத்தளையில் அடக்கம் செய்தார்கள்.