பெரிய வெள்ளி மாத்திரை

— கத்தாதடி ரசியா, மதர் காதுல வுழுந்துடப் போவுது. இன்னான்னு மெதுவா சொல்லு.

— சவரியம்மாவுக்கு வேத்து ஊத்துது லூசிக்கா. கையி வெடவெடன்னு நடுங்குது. பேரக் கேட்டா செத்துப்போன புருசன் பேரச் சொல்றாங்க. காலைல சக்கர மாத்திர நான்தான் குடுத்தேன்.

— சாப்ட்டாங்களான்னு கேட்டியா, இல்லியா?

— கேக்காம குடுப்பனா? ஆச்சாம்மான்னேன். ஆச்சுன்னாங்க.

— அடிப்பாவி! இன்னிக்குப் பெரிய வெள்ளிடி. ஆச்சுன்னா சாப்பாடா? சிலுவப்பாத ஜெபம் ஆச்சுன்னு சொல்லியிருக்கு கெழவி. ஒருசந்தி இருக்குது, மத்தியானம் வரைக்கும் எதயும் தொடாது.

— எனக்கு எங்க வூட்டு ரம்ஜான் நோம்புதான்க்கா தெரியும். திருக்கனூர் பஸ்ஸு லேட்டு. ஓட்டமா வந்து மாத்திர தட்ட எடுத்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல.

— சீக்காளிக்கு ஒருசந்தி கெடையாது, வருசா வருசம் காலைல கஞ்சி வுடுவாங்க. வேணான்னு தள்ளியிருக்கும், பிடிவாதக்காரி. வெறும் வயித்துல மாத்திர போயி ஒடம்புல சக்கர கொறஞ்சிடுச்சி. அலமாரில சக்கர இருக்கு, தண்ணில கரைடி. நான் தலைய நிமுத்திப் புடிக்கறேன்.

— சவரியம்மா, கண்ணத் தொறங்க. ஒரு வாய் குடிங்க.

— வேணாம் புள்ள... ஆண்டவரு தாகத்தோட தொங்குறாரு... நான் இனிப்பு குடிக்கறதா?

— குடிங்கம்மா! ஒங்க ஆண்டவரு கோச்சிக்க மாட்டாரு. அந்தப் பாவம் என் தலைல இருக்கட்டும். ஒரே மொடக்கு... எறங்குதுக்கா, எறங்குது! நான் மதரக் கூப்புடறேன்.

— பைத்தியமா ஒனக்கு? மாத்திரய மாத்திக் குடுத்துட்டேன்னு ஒனக்கு முன்ன இங்க வேல செஞ்ச தனக்கொடி உண்மையச் சொன்னா. அன்னிக்கே பொட்டியத் தூக்கிக்கினு இந்த முதியோர் இல்லத்த வுட்டுப் போனா. ஒனக்கு ரெண்டு புள்ளிங்கடி. மயக்கம் வந்துடுச்சின்னு மட்டும் சொல்லு, மாத்திரயப் பத்தி மூச்சு வுடாத.

— பயமாத்தான் இருக்குக்கா. ஆனா இன்னா குடுத்தன்னு டாக்டரு கேட்டா? பொய் சொல்லி இவுங்க உசுரு போச்சுன்னா நான் எப்பிடி சோறு துன்னுவேன்? மதர்! மதர், இங்க வாங்க!

— என்ன ரசியா இது, இப்படிச் சத்தம்?

— சவரியம்மாவுக்கு வெறும் வயித்துல சக்கர மாத்திர குடுத்துட்டேன் மதர். சாப்ட்டாங்கன்னு நெனச்சேன். என்ன வேலய வுட்டு எடுத்தாலும் எடுங்க, மொதல்ல வில்லியனூர் டாக்டருக்கு ஆள் அனுப்புங்க.

— மாத்திரையா? அதுக்குள்ள குடுத்தாச்சா?

— கஞ்சி வேணான்னது கெழவிதான் மதர், இவ மேல...

— கஞ்சியே காய்ச்சல லூசி. நாங்களும் ஒருசந்தி இருக்கோம்னு இங்க இருக்கற பெரியவங்க எல்லாரும் கெஞ்சினாங்க, சரின்னு தலையாட்டிட்டேன். சாப்பாடும் மாத்திரையும் மத்தியானம்தான்னு முடிவு பண்ணிட்டு, உங்ககிட்ட சொல்ல மறந்தது நான். தப்பு என்னுது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது ரசியா, அழாதே. அந்த மாத்திரை வேற யாருக்குக் குடுத்தே?

— சக்கர சீக்கு உள்ள எல்லாருக்கும், மதர்.