மன்னார் மணலில் ஒரு கௌதாரி

"கௌதாரி முட்டையில அடைகிடக்கிறதப் படமெடுப்பமெண்டு யோசனை வந்த அண்டைக்கே உன்ன விட்டுட்டுப் போயிருக்கணும்!"

ரயில் ஏறாவூரைத் தாண்டியதும், கமராப் பெட்டியை மடியில் வைத்திருந்தவர் இப்படி வெடித்தார். பக்கத்திலிருந்தவரின் காலடியில் துவக்கு கிடந்தது. இருவரும் காத்தான்குடிக்காரர், மன்னார் மணல்வெளியிலிருந்து திரும்புகிறார்கள். நான் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்து ஒட்டுக்கேட்டேன்.

"செலவில்லாமப் போவம், பள்ளிவாசல்ல படுப்பம், கறிக்குச் சுடுவமெண்டு சொன்னது நீதானே மச்சான்?"

"ஓம், சொன்னன். அடைகிடந்த பேட்டையா சுடச் சொன்னன்? கொதிக்கிற மணல்ல குப்புறக் கிடந்து கமராவ நேராக்கக்குள்ள வெடி வைக்கிறாய்!"

"பசிடா."

"திண்டியா?"

"எப்பிடித் திங்கிற? கத்தியோட ஓடிப் போறதுக்குள்ள அது உசிர விட்டு மௌத்தாப் போயிட்டு. அறுக்காதது ஹறாம்தானே."

"படமும் இல்ல, கறியும் இல்ல. சேவல் அந்த முட்டையச் சுத்திச் சுத்திக் கத்திச்சு. உன்னத் திட்டுற அவசரத்தில அதையும் எடுக்க மறந்துட்டன்."

துவக்குக்காரர் துவக்கைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

"நாளைக்கே திரும்பப் போறன்," என்றார் கமராக்காரர். "அந்தச் சேவலையாவது எடுக்கணும்."

"நானும் வாறன் மச்சான். துவக்கு வேணாம்."

"நீயும் வேணாம். சேவல் உன்னக் கண்டிருக்கு."