ஆறு ஊசி

– பேரு மட்டும் கேக்காத, குருமூர்த்தி. வேற என்ன வேணும்னாலும் கேளு.

– வீராக்கா, காயம்பட்ட பசங்களுக்கு ஊசி போட்டு கபடி ஆட வுடறாரு கோச்சுன்னு உங்க பேப்பர்ல வந்திருச்சு. யாரு சொன்னாங்கன்னு கம்பெனியே தேடிக்கினு இருக்குது. பழி எங்க டீம் சந்தோஷ் மேல வுழுந்திருச்சு. நாளைக்கு விசாரணை. அவன் இன்னும் பர்மனென்ட் கூட ஆவல.

– தெரியும்ப்பா.

– சந்தோஷ் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.

– அதையும் சொல்ல முடியாதுய்யா. இன்னைக்கு அவன் இல்லம்பேன். நாளைக்கு இன்னொருத்தனக் காட்டிக் கேப்பாக. ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டே வந்தா கடைசில யாரு நிப்பா? என்ன நம்பிச் சொன்னவுகதான்.

– அப்போ அவன் வேலை போவட்டுமா?

– போகக்கூடாது. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. மத்தியானம் பஸ்ஸேறி, சொன்னவுகளயே பாத்து, உங்க பேர வெளிய சொல்லட்டுமான்னு கேக்கப்போறேன். அவுக சரின்னாத்தான்.

– அஞ்செட்டிக்குப் போவாதீங்கக்கா.

– எந்த ஊருன்னு நான் சொல்லலயே.

– என் முட்டில ஆறு ஊசின்னு எழுதியிருக்கீங்க. டீமுக்குத் தெரிஞ்சது நாலு. மீதி ரெண்டு, பெங்களூரு மேட்ச்சுக்குப் போறப்ப அத்திப்பள்ளி தாண்டி வேன்ல போட்டாரு. நானும் கோச்சும்தான் இருந்தோம். திரும்பி வந்து அஞ்செட்டிக்கு, எங்க வூட்டுக்குப் போனேன். எங்கம்மா முட்டிக்கு வெளக்கெண்ண தேச்சு வுட்டாங்க. தேச்சுக்கினே இருந்த கை அப்படியே நின்னுபோச்சு. ஒவ்வொரு புள்ளியா தொட்டு எண்ணினாங்க. கோச்சு போட்ட ஊசிம்மான்னு மட்டும் சொன்னேன்.

– நான் எதுவும் சொல்லலப்பா. ஆனா ஆறு ஊசின்னு எழுதினது என் தப்பு. பேர மறைச்சா போதும்னு நெனச்சுட்டேன்.

– வுடுங்கக்கா. எழுதலன்னா நான் ஸ்கேன் எடுத்திருக்க மாட்டேன். இன்னும் ரெண்டு மேட்ச் ஆடியிருந்தா காலே மடங்காதுன்னாரு டாக்டரு.

– சொன்னது யாரா இருந்தாலும், அவுக மேல கோவமாய்யா?

– படிச்ச அன்னிக்கு இருந்துச்சு. அப்புறம் நெனச்சுப் பார்த்தேன். ஓசூர்ல எந்த ரோடு எங்க போவுதுன்னு தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாது. எத்தன பேரக் கேட்டு உங்க ஆபீஸக் கண்டுபுடிச்சாங்களோ! பாவமா இருந்துச்சுக்கா. அழுதுட்டேன்.

– எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குய்யா எங்கிட்ட பேரு கேட்ட?

– நெருக்குனா சொல்லிருவீங்களான்னு பார்த்தேன். நாளைக்கு மேனேஜரு உங்களக் கூப்பிட்டுக் கேப்பாரு.

– கேக்கட்டும். ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

– அது போதும்க்கா. உங்ககிட்ட சொன்னது நான்தான்னு காலைலயே கம்பெனில எழுதிக் குடுத்துட்டேன். எனக்குத் தெரியும்னு எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்.