உதட்டு மூலையில் பென்சில்

— கேட்டுக்கோங்க பென்சிலம்மா. ஒரு ஆளோட ஃபோட்டோவைக் காட்டுங்க போதும், அவன் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு புட்டுப் புட்டு வெச்சிடுவேன். பால்பல் விழாத வயசு ஃபோட்டோவா இருந்தாலும் சரி. ஊசி வேணாம், பஞ்சு வேணாம். முப்பத்தாறு வருஷம் லேப்ல உக்காந்தவ. நான் பாத்த ரத்தத்தை ஊத்தினா ஒரு ஏரி நிரம்பி, மறுகால் போகும்.

— போதும் லேப்பம்மா. செருப்போட சேத்து உங்க புளுகையும் வாசல்ல விட்டுட்டு வந்திருக்கலாம். ஸ்டூடியோவைப் பூட்டிட்டு உங்களை உக்கார வெச்சிருக்கிறது கதை கேக்க இல்ல. உங்க அக்கா மக என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கான்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும். இதோ அவ ரிப்போர்ட். இதோ அவ சூட்கேஸ். நானே அடுக்கிட்டேன்.

— பாத்தேன் அத்தை. புடவைங்களை இவ்வளவு அழகா மடிச்சு நான் பாத்ததே இல்ல. ஆனா நான் போகல.

— போகாம? என் பையன் நாலு நாளா பழைய டார்க்ரூம்ல பாயை விரிச்சுப் படுக்கிறான். ஹெர்பீஸ்னு எழுதின அந்தக் காகிதத்தைப் படிச்சதுல இருந்து வாயைத் திறக்கல. இப்பவும் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கான். நீ பேரைச் சொல்லு. யாரு குடுத்ததுன்னு பேரைச் சொல்லு. இல்லையா, கிளம்பு.

— நாலு நாளா சொல்லிட்டுதானே இருக்கேன். கட்டின புருஷனைத் தவிர சொல்றதுக்கு எங்கிட்ட வேற பேரு இல்ல. அவரும் ஒரு டெஸ்ட் எடுக்கட்டும்னேன். வேணாம்னு தடுத்தது யாரு?

— ஒழுங்கா இருக்கிறவன் எதுக்குடி போய்க் கையை நீட்டணும்?

— அடடா, சண்டையைக் கொஞ்சம் அடுப்புல இருந்து இறக்கி வைங்க. அந்த ரிப்போர்ட்டை இப்படிக் குடு கண்ணு. என் கண்ணாடி எங்க... தலைமேலயே இருக்கா, சரி. ம். புண்ணையே தடவி எடுத்து அனுப்பியிருக்காங்க. நல்ல டாக்டரம்மா, கெட்டிக்காரி. ரத்தமும் பாத்திருக்காங்க. ஒண்ணாம் வகை இருக்கு. ரெண்டாம் வகை இல்லை. பென்சிலம்மா, இதை நீங்க படிச்சீங்களா?

— ஹெர்பீஸ்னு இருந்துச்சு. அதுக்கு மேல என்ன படிக்கணும்?

— அங்கதான் கோட்டை விட்டீங்க. இந்தக் காகிதத்துல எத்தனை தேதி இருக்கு பாருங்க. ஒண்ணே ஒண்ணு, டெஸ்ட் எடுத்த தேதி. அது உடம்புக்குள்ள வந்த தேதி இருக்கா? வந்த வழி இருக்கா? கொண்டாந்து குடுத்த ஆள் கையெழுத்து இருக்கா? அதெல்லாம் அச்சடிக்கிற மிஷினை இன்னும் எவனும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சிருந்தா லேப் வாசல்ல போலீஸ் ஸ்டேஷன் கட்டியிருப்பாங்க. பத்து வருஷம் சத்தமில்லாம நரம்புக்குள்ள படுத்துக் கிடந்துட்டு, ஒருநாள் சோம்பல் முறிச்சு எழுந்து வரும் அது.

— வாய் வார்த்தைக்கு என்ன, சொல்லலாம்.

— வாய் வார்த்தையா? எங்க லேப்புக்கு ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தாங்க, கேளுங்க. அந்தம்மாவுக்கு எந்தப் புண்ணும் இல்ல. யாரோ சொன்னாங்கன்னு ரத்தத்தைக் குடுத்துடுச்சு. ரெண்டாம் வகை, படுக்கையில தொத்துற ஜாதி. நம்பர், இருக்கு இல்லைன்னு பிரிக்கிற கோட்டுக்குக் கொஞ்சூண்டு மேல. அவ்வளவு கம்மியா வந்தா அதை அப்படியே நம்பக்கூடாது, வேற விதமா இன்னொரு தடவை பாக்கணும்னு சொன்னேன். கேட்டாங்களா? வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைப் பிரிச்சாங்க. புஸ்தகத்தைப் பிரிச்சாங்க. கட்டிலைப் பிரிக்க முடியாம ரம்பத்தை வெச்சு நடுவுல அறுத்தாங்க. ஆளுக்கு ரெண்டு கால். மறுபடி டெஸ்ட் பண்ணினா ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் அந்தக் கட்டிலைச் சேத்து ஆணி அடிச்ச தச்சன் எங்கிட்ட வந்து அழுதான். இப்பவும் அது கிரீச் கிரீச்னு கத்துதாம், எட்டு தெருவுக்குக் கேக்குதாம்.

— கட்டிலை அறுத்தாங்களாம். இதை நான் நம்பணுமா?

— கட்டிலை நம்ப வேணாம். டெஸ்ட்டை நம்புங்க, அது சத்தியம். உங்க மருமக கதை அதைவிட லேசு. இவளுக்கு இருக்கிறது ஒண்ணாம் வகை. உதட்டுல கொப்புளமா வருமே, அந்த ஜாதி. ஊர்ல பாதிப் பேருக்கு மேல உடம்புல இருக்கு. பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்து ஒட்டிக்கும், யாராவது ஆசையா முத்தம் குடுத்திருப்பாங்க. இவளுக்கே அப்படி வந்திருக்கலாம். இல்ல, இப்ப உங்க பையன்கிட்ட இருந்தும் வந்திருக்கலாம்.

— உதட்டுல வர்றது எப்படிக் கீழ போகும்? அதைச் சொல்லுங்க, பாப்போம்.

— பென்சிலம்மா, உங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். எங்கிட்ட இதைக் கேக்கறீங்களே. உதட்டுல இருக்கிறது கீழ போறதுக்கு ஊரான் எதுக்கு, ஆசையுள்ள புருஷன் வாய் போதும்.

— சித்தி, கொஞ்சம் மெதுவா. கதவுக்குப் பின்னாடி அவர் இருக்கார்.

— இருக்கட்டும். அவன் காதுல விழணும்னுதான் தொண்டையைத் திறந்திருக்கேன். தப்பாவா சொன்னேன்? ஆசையா இருந்திருக்கீங்க. நல்லதுதானே.

— போதும், போதும். காது கூசுது. என் பையனுக்கு உதட்டுல ஒரு பொட்டு வந்ததில்ல. கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சே, நீ பாத்திருக்கியாடி?

— இல்ல அத்தை. பாத்ததில்ல.

— கேட்டீங்களா லேப்பம்மா?

— கேட்டேன். அதுவும் சகஜம்தான். சின்ன வயசுல ஆட்டம் போட்டுட்டு அப்புறம் வருஷக்கணக்கா தலையே காட்டாது. புண்ணு இல்லாத நாள்லகூட சத்தமில்லாம அடுத்தவங்களுக்குத் தாவும். குடுத்தவனுக்கே தெரியாது. அதனாலதான் சொல்றேன், அவனோட சின்ன வயசு ஃபோட்டோவைக் கொண்டு வாங்க. நாலு வயசு, ஆறு வயசு. நான் ரத்தத்தைப் படிச்சுச் சொல்றேன்.

— ஃபோட்டோதானே? இது ஸ்டூடியோ. ஃபோட்டோவுக்கா பஞ்சம். இந்தாங்க ஆல்பம், நல்லாப் பாருங்க. வருஷத்துக்கு ஒண்ணு, பொறந்த நாளைக்குப் பொறந்த நாள் எடுத்தது. ஒரு கீறல், ஒரு கொப்புளம், ஒரு கறை காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நானே அந்த சூட்கேஸைப் பிரிச்சுப் புடவையை பீரோவுல அடுக்கறேன். காட்டலைன்னா இவளைக் கையோட கூட்டிட்டுக் கிளம்புங்க. சம்மதமா?

— சம்மதம்.

— சித்தி, அவசரப்படாதீங்க.

— சும்மா இரு கண்ணு. ம்... நாலு வயசு. அஞ்சு. ஆறு. என்ன இது, பையனா, பீங்கான் பொம்மையா? ஏழு வயசுல ஒரு முட்டி சிராய்ப்பு இல்ல. மூக்குல ஒழுகல் இல்ல. இப்படி ஒரு பிள்ளையை உலகத்துல ஒருத்தியும் பெத்ததில்ல.

— என்ன லேப்பம்மா, ரத்தம் தெரியுதா? ஏரி வத்திப்போச்சா?

— கொஞ்சம் இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

— சித்தி, ஆல்பத்துல நீங்க எதையும் பாக்க முடியாது. அது அத்தை எங்களுக்குக் காட்டணும்னு நினைச்சது. பரண்ல பிலிம் பெட்டி இருக்கு. அதைப் பாக்கலாம்.

— பிலிம் எதுக்கு? ஆல்பம்னுதான் பேச்சு.

— ஃபோட்டோன்னுதான் பேச்சு அத்தை. பிலிம் இல்லாம ஃபோட்டோ ஏது? ஸ்டூல் எங்க போச்சு... வேணாம், இந்த சூட்கேஸே போதும். சித்தி, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, ஏறிக்கறேன்.

— ஏறு, ஏறு. நல்லா கெட்டியா அடுக்கியிருக்காங்க உன் மாமியார். யானை நின்னாலும் அமுங்காது.

— இறங்குடி கீழ. முப்பது வருஷத் தூசி அதுல.

— இறங்கிட்டேன் அத்தை, பெட்டியோடவே. உறை மேல எல்லாம் நீங்கதான் வருஷம் எழுதியிருக்கீங்க.

— சரி, பாத்துத் தொலை. ஆனா அடியில காவி நிறத்துல ஒரு உறை இருக்கும், அதைத் தொடாத. அது வேற.

— தொடமாட்டேன். சித்தி, இங்க வாங்க. ஜன்னல் வெளிச்சத்துல பிலிமை இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும். இந்தப் பக்கம் நிக்கிற பையன் அவர். நாலு வயசு. உதட்டோட இடது மூலையைப் பாருங்க. கரி மாதிரி ஏதாவது மினுங்குதா?

— மினுங்குது. எறும்பு கால் வெச்ச மாதிரி கோடு கோடா. என்ன அது?

— பென்சில். அப்பல்லாம் கம்ப்யூட்டர் ஏது? பிலிம்ல கருப்பு வெள்ளை தலைகீழா விழும், முகத்துல ஒரு பரு, ஒரு வடு இருந்தா அந்த இடம் வெளுத்து இருக்கும். அங்க கூர் பென்சிலால பொடிப்பொடியாக் கோடு போட்டு அடைச்சிடுவாங்க. ஃபோட்டோ போடும்போது அந்த இடம் தோல் மாதிரியே வந்துடும். இந்த வேலையில அத்தையை மிஞ்ச ஆளில்ல. பென்சிலம்மான்னு பேரு வந்தது அதனாலதான். எனக்கும் அவங்கதான் கத்துக் குடுத்தாங்க. இந்தக் கோடு பாருங்க, கடைசில இடப்பக்கம் சின்னதா ஒரு வளைவு. வேற யார் கையும் இப்படி வளையாது.

— அடுத்ததை எடு கண்ணு.

— ஆறு வயசு. அதே மூலை. ஏழு வயசுல இல்ல. எட்டுல இருக்கு. பத்துல இருக்கு, கொஞ்சம் பெருசாவே. பதிமூணு, அதே இடது மூலை.

— பென்சிலம்மா, பருன்னா இடம் மாறும். பூச்சிக்கடின்னா ஊர் சுத்தும். இந்த வைரஸ் மட்டும்தான் குடியிருந்த வீட்டை விடாம திரும்பத் திரும்ப அதே வாசல்ல வந்து நிக்கும். ஆறு பிலிம் பாத்தாச்சு, அஞ்சுல அதே மூலை. ஒண்ணாம் வகை. எழுதி கையெழுத்தே போடுவேன்.

— அது சூடு. வெயில்ல ஆடுவான். உடம்புச் சூட்டுக்குக் கொப்புளம் வரும். காய்ச்சல்னா வரும், பரீட்சைன்னா வரும். அதுக்குப் போய் பேரு வைப்பாங்களா?

— அதுக்குத்தான் பேரு வெச்சிருக்காங்க. என் ரிப்போர்ட்ல போட்டிருக்காங்களே அத்தை, அதே பேருதான். அவருக்கு வந்தா சூடு. எனக்கு வந்தா சூட்கேஸா?

— பெட்டியை மூடுடி.

— ஒண்ணு சொல்லிடறேன். நான் நல்லவள்னு உங்ககிட்ட சர்டிபிகேட் வாங்க இந்தப் பெட்டியை இறக்கல. பிலிம்ல ஒண்ணுமே இல்லாமப் போயிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். எனக்கு வந்தது ஒரு புண்ணு. மாத்திரை சாப்பிடறேன், ஆறிட்டு வருது. மறுபடி வந்தா மறுபடி சாப்பிடுவேன். புண்ணு இருக்கிற நாள்ல விலகி இருக்கணும், அவ்வளவுதான் வைத்தியம். இதுக்காக நான் தலையைக் குனிய மாட்டேன், யாரையும் குனியச் சொல்லவும் மாட்டேன். ஆனா நாலு நாளா என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்காம ஒரு மனுஷன் இருட்டு ரூமுக்குள்ள போய் உக்காந்திருக்காரே, அதுக்கு அவர் வெளிய வந்து பதில் சொல்லணும். உங்களை இல்ல அத்தை, அவரைத்தான் கேக்கறேன். காதுல விழுதா?

— விழாம என்ன. கதவுத் தாழ்ப்பாள் ஆடுது பாரு.

— ஆடட்டும் சித்தி. வரட்டும்.

— ஏன் பென்சிலம்மா உக்காந்துட்டீங்க? தண்ணி குடிக்கிறீங்களா? நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், விடுங்க. என் வாய் அப்படி. கட்டில் விஷயம்கூட, ரம்பம் எடுத்தாங்களே தவிர அறுக்கல.

— அந்தக் காவி உறையை எடு.

— வேணாம் அத்தை. தொடமாட்டேன்னு சொல்லிட்டேன். அது உங்களுது.

— எடுன்னு சொல்றேன்ல. எடுத்து அதே மாதிரி ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடி. உங்க சித்திக்கும் காட்டு.

— இது... உங்க கல்யாண ஃபோட்டோ. நீங்களும் மாமாவும்.

— உன் மாமாவை விடு. என் உதட்டைப் பாரு. லேப்பம்மா, நீங்க சொன்னது நடந்துடுச்சு, என் வாயாலயே ஒத்துக்கறேன். பால்பல் ஃபோட்டோல ரத்தத்தைப் படிச்சுட்டீங்க. ஆனா பாதிதான் படிச்சீங்க. மீதிப் பாதி இந்த உறையில இருக்கு. கல்யாணமான மறுவாரம், யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுன்னு, என் உதட்டுல நானே உக்காந்து போட்ட பென்சில். அவனுக்கு மூணு வயசு இருக்கும்போது எனக்கு மறுபடி அதே கொப்புளம் வந்துச்சு. முத்தம் கேட்டான், குடுத்துட்டேன். டேய், கதவைத் திறந்துட்டு வெளிய வா. நாலு நாளா உன் பொண்டாட்டிகிட்ட நான் கேட்ட பேரு என் பேருதான்.